இரண்டாவது கூண்டு

இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்ததும் ஆராய்ச்சி மாணவி அதைப் பேராசிரியரிடம் எடுத்துப் போனாள்.

முதல் கூண்டு எலிகளுக்குப் புற்றுநோய்க்கான ஊசியோடு இலைச்சாறும் கொடுத்திருந்தாள். அவற்றின் சிறுநீரகம் நன்றாக இருந்தது. இரண்டாவது கூண்டுக்கு வெறும் ஊசி மட்டும். அந்த ஊசி சிறுநீரகத்தைக் கெடுத்திருக்க வேண்டும். கெடவே இல்லை.

"ரெண்டும் ஒண்ணா இருந்தா சாறு காப்பாத்துச்சுன்னு எப்படிம்மா சொல்லுவே?" என்றார் பேராசிரியர். "ஊசி மருந்தே வீணாப் போயிருக்குமோ என்னவோ. சாயங்காலத்துக்குள்ள காரணம் சொல்லு. இல்லேன்னா இந்த இலையை மூட்டை கட்டி வெச்சிடலாம்."

இத்தனை வருட உழைப்பு! எலிகள் இருக்கும் அறைக்கு ஓடினாள். தீனி போடும் அண்ணன் கூண்டு கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கூண்டை மாத்தி வெச்சீங்களா?"

"அய்யோ, இல்லம்மா."

"ஊசி பாட்டில் வெளியில கிடந்துச்சா?"

"ஃப்ரிட்ஜ்லயேதான் இருந்துச்சு."

"பின்ன எப்படிண்ணே ரெண்டாவது கூண்டுல ஒண்ணுக்குமே ஒண்ணும் ஆகல? என் தலையில கல்லைப் போட்டிருச்சுங்களே!"

அவர் கையைத் துடைத்துக்கொண்டார்.

"மிஞ்சுன சாறை அதுங்களுக்கும் ஊத்துனேம்மா. தினமும்."

"அண்ணே!" தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். "ஏன் இப்படிப் பண்ணீங்க?"

"என் வீட்டுக்காரிக்கும் இதே ஊசிதான் போட்டாங்க. கட்டி கரைஞ்சுது, கிட்னி போச்சு. இன்னொருதரம் கண்ணால பார்க்க முடியலம்மா."

அவள் எழுந்து இரண்டாவது கூண்டின் அருகே போனாள். அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"அப்போ... சாறு வேலை செய்யுது, இல்லியாம்மா?"