விதிமுறைகளைப் படிக்க

என் இடுப்பு இனிமேல் மூட்டைக்கு ஆகாது. அதனால் இந்தக் கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து, காவலாளி வேலைக்கான விண்ணப்பத்தை ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருக்கிறேன். முக்கால் மணி நேரமாகிறது. கடைசியில் 'விதிமுறைகளைப் படிக்க' என்று நீல எழுத்து. படிக்கச் சொன்னால் படிக்கிறவன் நான். அமுக்குகிறேன், விண்ணப்பம் இருந்த இடத்தில் விதிமுறை வந்து உட்காருகிறது. பதறிப்போய்த் திரும்பினால் எல்லாக் கட்டமும் காலி. "மறுபடியுமாண்ணே?" என்கிறாள் சென்டர்க்காரப் பெண். "அது கூப்பிடுது, நான் போறேம்மா." அவள் குனிந்து எதையோ மாற்றுகிறாள். "இனிமே எந்த லிங்க்க அமுக்கினாலும் புது டேப்லதான் தொறக்கும். ஃபாரம் அது பாட்டுக்கு இருக்கும்." முதலிலிருந்து தட்டுகிறேன். மேசை மேலிருந்த வெயில் தரைக்கு இறங்கிவிட்டது. மறுபடி நீல எழுத்தை அமுக்குகிறேன். அவள் சொன்னபடியே பக்கத்தில் இன்னொரு தாள் விரிகிறது. எழுத்துக்கூட்டி வாசிக்கிறேன். மூன்றாவது வரியில், வயது ஐம்பதுக்குள் இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. "ஃபாரம் இருக்காண்ணே?" பழைய டேப்புக்குப் போகிறேன். என் பெயர், அப்பா பெயர், வயது ஐம்பத்து மூன்று. ஓர் எழுத்துகூட அழியவில்லை. "இருக்கும்மா" என்கிறேன்.