பத்து முதல் பன்னிரண்டு வரை

"ஏனுங்கக்கா, நீங்க இப்படி ஓட்டுனா நான் எப்படிங்க பொழைக்கறது?"

பிரபாகர் சண்டைக்குத் தயாராகத்தான் வந்திருந்தான். சென்னைக் கம்பெனி ஒன்றில் சாஃப்ட்வேர் இன்ஜினியர். கெஞ்சிக் கூத்தாடி வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கி, சொந்த ஊரான குமாரபாளையத்துக்கு வந்து சேர்ந்திருந்தான். அம்மா சமையல், வாடகை கிடையாது, லுங்கியோடு உத்தியோகம். இதை விட்டுச் சென்னைக்குப் போகச் சொன்னால் அழுதுவிடுவான்.

ஒரே குறை, பக்கத்து வீட்டு சௌந்திரத்தின் பவர்லூம் தறிகள். அவன் ஜன்னலுக்கு நேர் எதிரே தறிக்கூடம்.

சௌந்திரம் தறிகளை ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டு வந்தாள்.

"என்னங்க தம்பி, சொன்னீங்க? சத்தத்துல கேக்கல."

"அதைத்தானுங்க சொல்ல வந்தேன். என்ர வேலை மூளை வேலைங்க. இந்தச் சத்தத்துல ஒண்ணும் ஓட மாட்டேங்குது."

"எப்பெப்ப நிறுத்தோணும்னு சொல்லுங்க."

சண்டை போட வந்தவனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"பத்துல இருந்து பன்னெண்டு வரைக்குமுங்க."

"சரிங்க. அதை ராத்திரிக்கு ஓட்டிக்கறேன். நீங்க நல்லா வேலையப் பாருங்க தம்பி."

மறுநாள் பத்து மணிக்குத் தறிகள் நின்றன. தெருவே வாயடைத்துப் போன மாதிரி இருந்தது.

அந்த அமைதியில் பிரபாகர் முதல் வேலையாக, செயற்கை நுண்ணறிவு பற்றி அவன் சேர்ந்திருந்த ஆன்லைன் வகுப்பின் வீடியோவை ஓடவிட்டான். வாத்தியார் குரல் தாலாட்டு மாதிரி இருந்தது. பன்னிரண்டு மணிக்குத் தறிகள் கிளம்பியபோதுதான் கண் விழித்தான். வகுப்பை முடித்ததற்கான சான்றிதழ் மட்டும் தூங்காமல் வந்து சேர்ந்திருந்தது.

அடுத்த நாள் அந்தச் சான்றிதழை இணையத்தில் போட்டான். 'அமைதியில்தான் அறிவு மலர்கிறது. கற்பதை ஒருநாளும் நிறுத்தாதீர்கள்' என்று கீழே ஓர் உபதேசம் வேறு. பாராட்டியவர்களுக்கெல்லாம் நன்றி சொல்லி முடிப்பதற்குள் பன்னிரண்டு ஆகிவிட்டது.

அதற்கப்புறம் வந்த நாட்களைக் கிரிக்கெட் எடுத்துக்கொண்டது. அந்த வாரம் முடிக்க வேண்டிய ஆபீஸ் வேலை போட்டது போட்டபடி கிடந்தது.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு மேனேஜர் சண்முகவேல் சென்னையிலிருந்து அழைத்தார். ஹெட்போன் மக்கர் பண்ணியதால் பிரபாகர் ஸ்பீக்கரில் போட்டான். வெயில் புழுக்கத்துக்கு ஜன்னல் திறந்தே இருந்தது.

"என்ன பிரபாகர், இன்னிக்கு முடிச்சுத் தரேன்னியே. ஒரு வரிகூட வரலையே?"

"என்ன சார் பண்றது? பக்கத்து வீட்டுல தறி போட்டிருக்காங்க சார். காலையில ஆரம்பிச்சா நாள் பூரா தடதடன்னு ஒரே சத்தம். என்னால யோசிக்கவே முடியல."

"போய்ச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லாம இருப்பேனா சார்? கையெடுத்துக் கும்பிட்டுட்டேன். கேக்கணுமே! படிப்பறிவில்லாத ஜனங்க சார். அடுத்தவன் கஷ்டம் புரியாது. நாம என்ன சொன்னாலும் வேணும்னே ஓட்டுவாங்க."

பொய் நன்றாகத்தான் வழுக்கிக்கொண்டு வந்தது. அவனுக்கே தன்மேல் பரிதாபம் பொங்கிவிட்டது.

மேனேஜர் விடவில்லை.

"நாள் பூரா சத்தம்னு சொன்ன இல்ல?"

"ஆமா சார்."

"உங்க வீட்டு ஃபேன் சுத்தறது எனக்கு இங்க கேக்குது. வெளிய காக்கா கத்தறதும் கேக்குது. தறிச் சத்தத்தை மட்டும் காணோமே?"

பிரபாகர் அவசரமாக ஃபேனை நிறுத்தினான்.

"இதுக்குத்தான் வீட்டுல உக்காந்து வேலை பாக்கறேன்னு வந்து நின்னியா? சரி, திங்கக்கிழமை காலையில ஆபீசுக்கு..."

தடக் தடக் தடக் தடக் என்று எதிரே ஒரு தறி கிளம்பியது. மேசையில் இருந்த டம்ளர் அதிர்ந்தது.

"என்னய்யா அது?" மேனேஜர் கத்தினார்.

"அதான் சார்! நான் சொல்லலை?"

"அடப்பாவமே! இந்தச் சத்தத்துல மனுசன் எப்படிய்யா வேலை பாப்பான்? தப்பா நெனச்சுட்டேன், மனசுல வெச்சுக்காத. புதன்கிழமை வரைக்கும் எடுத்துக்க."

அழைப்பு முடிந்து, பிரபாகர் போனை ஜன்னலோரம் வைத்தான். அடுத்த நொடியே தறியும் நின்றது.

பிரபாகர் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். உயிர் வந்ததும் ரோஷமும் கூடவே வந்தது. பன்னிரண்டு மணி வரை ஓட்டுவதில்லை என்று ஒத்துக்கொண்டவள் பதினொன்றுக்கே ஓட்டியது என்ன நியாயம்? இப்போதே கேட்டுவைக்காவிட்டால் நாளைக்குத் தூக்கம் கெடும். விறுவிறுவென்று எதிரே போனான்.

"என்னங்கக்கா இது? சொன்ன சொல்லுன்னு ஒண்ணு வேண்டாமுங்களா? பன்னெண்டு ஆகறதுக்குள்ள ஓட்டிப்போட்டீங்களே? சரி, போச்சாதுங்க. இந்த ஒருதடவை உட்டர்றேன்."

சௌந்திரம் ஜன்னலோரத் தறிமேல் படிந்திருந்த பஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிரபாகர் அப்போதுதான் அந்தத் தறியைப் பார்த்தான். அதில் நூலே இல்லை. சட்டம் மட்டும் எலும்புக்கூடாய் நின்றது.

"இதுல பாவு நேத்தே தீந்துபோச்சுங்க தம்பி. வெறுந்தறியத்தான் ஓட்டுனேன்."

"வெறுந்தறியவா? அதை எதுக்குங்க ஓட்டோணும்?"

அவள் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள். குரலில் கோபம் இல்லை.

"நாங்க வேணும்னே ஓட்டறோம்னு நீங்க சொன்னீங்க, சத்தத்தையே காணோமேன்னு உங்க ஆபீசரு கேட்டாரு. பக்கத்தூட்டுப் புள்ள பொய் சொல்லி மாட்டிக்கக் கூடாதுன்னுதானுங்க தம்பி, ஓட்டி உட்டேன்."