அந்தப் பொண்ணே குத்தட்டும்

“அந்தப் பொண்ணையே கூப்பிடுங்க. போன வாரம் என் கையை நீலமாக்கி அனுப்பிச்சுதே, அதேதான்.”

டுவேன் சொன்னது கிளினிக் முழுக்கக் கேட்டது. மின்னசோட்டாவில் அந்தச் சின்ன ஊருக்குப் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவர். இன்ஜின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி வளர்ந்த குரல். காலில் ரத்தம் உறைந்து படுத்து எழுந்ததிலிருந்து வாராவாரம் ரத்தப் பரிசோதனைக்கு வருகிறார்.

அன்னிகாவுக்குக் காது சூடானது. கல்லூரி முடித்து, டாக்டர் படிப்புக்கு விண்ணப்பித்துவிட்டு, இடைப்பட்ட ஒரு வருஷத்துக்கு அங்கே உதவியாளராகச் சேர்ந்திருந்தாள். எடை பார்ப்பது, பிரஷர் பார்ப்பது எல்லாம் வந்துவிட்டது. ரத்தம் எடுப்பதுதான் இன்னும் கைக்குப் படியவில்லை.

“நீ உள்ளே போ, நான் எடுத்துடறேன்” என்றாள் நர்ஸ் ரோண்டா. அவள் குத்தினால் குத்தினதே தெரியாது என்பார்கள்.

“உங்க கை வேணாம் ரோண்டா. நம்ம டாக்டரம்மா வரட்டும். இன்னிக்கு எத்தனை ஓட்டை போடறாங்கன்னு பாத்துடலாம்.”

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

ரோண்டா அன்னிகாவின் காதருகே குனிந்தாள். “அந்தாளுக்கு உன்னை அழ வெச்சுப் பாக்கணும். நீ லீவா இருக்கற நாளா பாத்து அவர் வர்ற நாளை மாத்தி விட்டுடவா?”

“வேணாம். இன்னிக்கு ஓடினா எப்பவும் ஓடிக்கிட்டேதான் இருப்பேன்.”

அந்த வாரம் முழுக்க, வேலை முடிந்ததும் பயிற்சிக்கு வைத்திருந்த ரப்பர் கையில் குத்திக் குத்திப் பார்த்திருந்தாள். ஆனால் ரப்பர் நரம்பு அசையாது. டுவேனின் நரம்போ நூல் மாதிரி. ஊசி பட்டதும் நழுவும். அதிலும் பனியிலிருந்து நேராக வந்த கை.

முதல் தடவை தவறியது.

“ம். ஒண்ணு” என்றார் டுவேன்.

“வலிக்குதா சார்?”

“அதை விடு. வேலையைப் பாரு.”

வெந்நீரில் நனைத்த துண்டை அவர் கையில் சுற்றினாள். கையைத் தொங்கப் போடச் சொன்னாள். பிறகு கண்ணால் தேடாமல் விரலால் தடவித் தேடினாள். தோலை இழுத்துப் பிடித்து, மூச்சை அடக்கி, குத்தினாள்.

குழாயில் ரத்தம் ஏறியது.

பஞ்சை வைத்துக் கட்டுப் போட்டாள். டுவேன் கட்டைத் தடவிப் பார்த்தார்.

“அடுத்த வாரமும் நீதான்.”

“வர்றேன் சார். கேலி பண்ணணும்னா தாராளமா பண்ணிக்கோங்க. எத்தனை வாரம் கூப்பிட்டாலும் நான் ஒளிய மாட்டேன்.”

டுவேன் சட்டைக் கையை மெதுவாக இறக்கிவிட்டார். முதல் தடவையாக அவர் குரல் தணிந்தது.

“கேலி பண்ணாதான் உனக்கு ரோஷம் வரும்னு நெனச்சேம்மா. என் சம்சாரத்துக்குப் புத்துநோய். அடுத்த மாசத்துலேருந்து வாராவாரம் இங்கதான் ரத்தம் குடுக்க வருவா. ரோண்டா அதுக்குள்ள ரிட்டயர் ஆயிடுவாங்க, அப்புறம் நீ ஒருத்திதான். அவ நரம்பு என்னுதைவிட மெல்லிசு. பண்ற தப்பையெல்லாம் என் கையிலேயே பண்ணி முடிச்சுடு.”