மூன்று பெட்டிகளும் அம்புக்குறிகளும்

1986 ஆவணி, யாழ்ப்பாணத் தீவகத்தில் கரம்பொன். கூரைக் கிடுகு இடுக்கால் விழும் முற்பகல் வெயிலில் குசினிப் புகை நீலமாக நிற்கிறது. அடுப்பில் மீன்குழம்பு கொதிக்கிறது. அதன் முன்னே மாக்கிறேற்றும், பல்கலைக்கழகத்தில் அரசறிவியல் படிக்கும் அவள் மகள் ஞானசவுந்தரியும் குந்தியிருக்கிறார்கள். அயலூரான சுருவில் பக்கமிருந்து நேவிக்காரர் வீடு வீடாகச் சோதித்துக்கொண்டு வருகிறார்கள். திங்கட்கிழமை இறுதிப் பரீட்சை. மகளின் மடியில் மூன்று வருடக் குறிப்புகள். “இதென்ன மூண்டு பெட்டியும் அம்புக்குறியும்? தங்கடை காம்ப் அடிக்கிற பிளான் எண்டெல்லே நினைப்பாங்கள்,” என்று ஒரு தாளில் கீறியிருப்பதைச் சுட்டுகிறாள் தாய். “வலுவேறாக்கம், அம்மா. அரசாங்க அதிகாரத்தை மூண்டாப் பிரிக்கிறது. பாராளுமன்றம், மந்திரிசபை, நீதிமன்றம். ஒண்டை ஒண்டு கட்டுப்படுத்தும்.” “அதை அவங்களுக்குச் சிங்களத்திலை ஆர் சொல்லுறது, நீயோ?”

ஞானசவுந்தரி ஒவ்வொரு தாளாகக் கிழிக்கிறாள். உதடசைய ஒருமுறை வாசித்த பிறகே நீட்டுகிறாள். தாய் வாங்கி நெருப்பில் வைக்கிறாள். கருகிய தாளில் எழுத்துகள் ஒரு கணம் மின்னி அடங்குகின்றன. ஒழுங்கை முனையில் நாய்கள் குரைக்கின்றன. “கெதியாத் தா, பிள்ளை.” “பொறுங்கோ, இது இன்னும் பாடமாகேல்லை.” மாக்கிறேற் நீட்டிய கையை மடக்கிக்கொள்கிறாள். கோயிலடியில் ட்ரக் வந்து நிற்கிற சத்தம். காரணம் சொல்லாமல் ஒருவரையும் கைதுசெய்யலாகாது என்ற வரியை மகள் கண்ணை மூடி இன்னொருமுறை சொல்லிப் பார்க்கிறாள். “பாடமாகிட்டுதே?” தாய் கிசுகிசுக்கிறாள். “ஓம்.” கடைசித் தாளும் கைமாறுகிறது. வாசல் படலை திறபடும்போது மாக்கிறேற் அகப்பைக் காம்பால் சாம்பலைக் கிளறிவிட்டு, குழம்பில் உப்புப் பார்க்கிறாள்.