பத்து வருஷமாகக் கிழியாதது

"ரெண்டு பக்கமும் யானையைக் கட்டி இழுத்தாலும், யானைதான் களைச்சு உக்காரும். எங்க ஆணுறை கிழியாது!"

பத்து வருஷமாகப் புகார்ப் பிரிவு மேலாளர் அடிக்கும் தம்பட்டம் இது. 'கிழிந்தது' என்று ஒரு புகாரைக்கூட அவர் எழுதவிட்டதில்லை. புகார்ப் பதிவேடு எழுதும் பெண்ணுக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

திங்கட்கிழமை காலை ஒரு போன் வந்தது. அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"நேத்து மத்தியானம் உங்க சரக்கு கிழிஞ்சுபோச்சு சார்."

மேலாளர் மடமடவென்று தண்ணீர் குடித்தார். "வாய்ப்பே இல்ல மேடம். உங்க வீட்டுக்காரர் நகம் பட்டிருக்கும்."

"நகத்தை வெட்டித் தொலைன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தானே!"

"அப்ப அது கம்பெனி தப்பு இல்ல."

"தப்பு யாருதோ, கரு தங்காம இருக்க மாத்திரை நான்தானே போடணும்? மூணு நாளுக்குள்ள போடணும், அதுவும் சீக்கிரமாப் போடணும். வாங்கிட்டு வாய்யான்னா, 'கிழியாததுக்கு எதுக்கு மாத்திரை'ங்கறாரு அந்த மகராசன். மூணு வாண்டுங்களை விட்டுட்டு நான் எப்படிக் கடைக்குப் போறது?"

பதிவேட்டுப் பெண்ணுக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, அந்த ஆளை முதல்ல வீட்டைவிட்டுத் துரத்துங்க!"

"அதுக்கு முன்னாடி உங்க சார் ஒரு வார்த்தை சொல்லட்டும். கிழிஞ்சுதா, இல்லையா? இல்லைன்னா, நாலாவதுக்கு உங்க கம்பெனி பேரையே வெச்சுடுவேன்!"

போன் துண்டானது. மேலாளர் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"கிழிஞ்சுதுன்னு எழுதிக்கோம்மா. நான் மருந்துக்கடை வரைக்கும் போயிட்டு வர்றேன்."

"கண்ணால பார்க்காம எப்படி சார் எழுதறது?"

"பார்த்தேம்மா," என்றார் மேலாளர். "நானும் அங்கதான் இருந்தேன்."