முதலில் யார் சொன்னார்கள்?

கணக்கெடுப்பில் ஐந்து வீட்டுக்கு ஒரு வீடு என்பது பேராசிரியரின் சட்டம். பூட்டியிருந்தால் மட்டும் தாண்டலாம்.

லூர்தம்மாளின் கதவு விரியத் திறந்து கிடந்தது. பூட்டித் தொலைத்திருக்கக் கூடாதா என்று பகலவன் வாசலில் நின்றான்.

ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்து இருபது நாள். செய்தி எந்த வேகத்தில் ஓடியது என்று அளந்துவரப் பல்கலைக்கழகம் அவனைச் சேரப்பணஞ்சேரிக்கு அனுப்பியிருந்தது. கையில் அச்சடித்த கேள்வித்தாள். முதலில் யார் சொன்னார்கள், நீங்கள் யாருக்குச் சொன்னீர்கள்?

காலையிலிருந்து ஒன்பது வீடு. ரேடியோவை ஊர் முந்தியிருந்தது. விடிவதற்குள் மாடுகளுக்குக்கூடத் தெரிந்துவிட்டதாம்.

ஒன்பது வீட்டிலும் தலைவர் செத்த சேதியோடு இன்னொன்றும் ஒட்டிக்கொண்டு வந்தது. கூட்டம் பார்க்கப் போன லூர்தம்மாள் மகன் பென்சனும் போய்விட்டான். அவளுக்கு நெஞ்சு வியாதி. அவள் தம்பி யாக்கோபு பட்டணத்திலேயே காதும் காதும் வைத்தாற்போல் அடக்கம் செய்துவிட்டான். பையன் பெரியாஸ்பத்திரியில் தேறி வருகிறான் என்று அவளிடம் ஊரே ஒரே வாயால் சொல்லிக்கொண்டிருந்தது. பஸ் ஏறினால் அவள் உயிர் தங்காது என்று டாக்டர் சொன்னதும் வசதியாகப் போயிற்று.

"அந்தம்மாகிட்ட மட்டும் வாயத் தொறந்துடாத சார்." ஒன்பது வீடும் சொல்லியனுப்பியது இதைத்தான்.

"இன்னா நைனா, வாசல்லயே நின்னுகினு கீற? உள்ள வா," என்றாள் லூர்தம்மாள்.

போனான். படிக்கத் தெரியுமா என்று கேட்டான். தெரியாது என்றாள்.

போன உயிர் திரும்பி வந்தது. படிப்பில்லாதவர்களிடம் பத்திரிகை பற்றிக் கேட்க வேண்டாம் என்று தாளிலேயே போட்டிருந்தது. ரேடியோ இல்லை. டிவி இல்லை. பகலவன் அவசரமாகத் தாளை மடித்தான்.

"பேப்பரக் கேக்கவேயில்லியே?" என்றாள் லூர்தம்மாள். "மூணாம் நாள் கருவாடு சுத்தி வந்துச்சு. படம் பாக்கப் படிப்பு எதுக்கு? வரிசையா படுக்க வெச்சிருந்தானுங்க. சட்டைல மூணாவது பொத்தான் நான் தச்சது."

பகலவன் மடித்த தாளை மறுபடி பிரித்தான்.

"நீ தெரியாதுன்னே எழுதிக்கோ."

பக்கத்து வீட்டு அம்சவல்லி மூச்சிரைக்க உள்ளே வந்தாள்.

"யக்கா, யாக்கோபு சொல்லியனுப்புச்சு! பென்சன் இன்னிக்கு எழுந்து குந்திகினு ரெண்டு இட்லி துன்னானாம்!"

லூர்தம்மாள் பாயை விரித்து அவளை உட்காரவைத்தாள்.

"தொட்டுக்க இன்னா குடுத்தாங்களாம்?"