நெஞ்சளவு நீலக் கோடு

“முழங்கால்னு எழுதாதீங்க சார். நெஞ்சு வரைக்கும் வந்துச்சு” என்றாள் பெரியவள்.

வெள்ளம் ஏறிய உயரத்தைச் சுவரில் குறிக்க நீலப் பெயின்ட் டப்பாவோடு குனிந்திருந்த நகராட்சி ஓவர்சியர் நிமிர்ந்தார். சின்னவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத ஓரகத்தி, இன்று தன் வாசலில் நின்று தனக்காக வாதாடுகிறாள்.

“இவங்க முழங்கால்னுதானேம்மா சொன்னாங்க?”

“அவ வெகுளி சார். பட்டதைக்கூட குறைச்சுத்தான் சொல்லுவா. பிள்ளையைத் தோள்ல தூக்கி வச்சுக்கிட்டு நாள் முழுக்க நின்னா. பின்வீட்டு ஜன்னல்லேருந்து நான்தான் பார்த்தேனே.”

போன மழையில் வாய்க்கால் உடைத்துக்கொண்டபோது தண்ணீர் முழங்காலோடு நின்றுவிட்டது. பிள்ளை கட்டில்மேல் உட்கார்ந்து காகிதக் கப்பல் விட்டுக்கொண்டிருந்தான். இதெல்லாம் தெரிந்தும் சின்னவள் வாயைத் திறக்கவில்லை. வலிய வருகிற அதிர்ஷ்டத்தை வேண்டாம் என்று சொல்ல அவளுக்கென்ன பைத்தியமா?

கோடு எவ்வளவு உயரமோ அவ்வளவு நிவாரணம் என்று தெருவே பேசிக்கொண்டது. லாரி ஓட்டும் புருஷன் மாதத்தில் நாலு நாள்தான் வீட்டில் இருப்பான். தரையை இரண்டடி உயர்த்திவிட்டால், மழைக்காலத்தில் பிள்ளையை வைத்துக்கொண்டு தனியாகப் பயந்து சாக வேண்டாம். மாமனார் இரண்டாகப் பிரித்துக் கொடுத்த வீட்டில் முன்பாதி அவளுடையது. அதை விட்டால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது.

வார்டு தேர்தலுக்கு இன்னும் ஒரு வாரம்தான். நிற்பவர்கள் இரண்டே பேர், மரக்கடைக்காரரும் ரிட்டயரான தலைமையாசிரியரும். இருவருக்கும் ஏழாம் பொருத்தம். ஆயிரம் மரம் நடுவேன் என்று வாத்தியார் சொன்னால், முதலில் குப்பையை அள்ளட்டும் என்பார் மரக்கடைக்காரர்.

பருவநிலை மாறிப்போச்சு, இனி வெள்ளம் வருஷா வருஷம் வரும் என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே குரல். ‘தண்ணீருக்கு அதன் இடத்தைத் திருப்பிக் கொடுப்போம்’ என்று இருவர் நோட்டீஸிலும் கொட்டை எழுத்தில் இருந்தது. வீடு வீடாக வெள்ளக் கணக்கு எடுக்கச் சொல்லி நகராட்சியில் மனு கொடுத்ததும் இருவரும் சேர்ந்துதான்.

தெருவுக்கு வந்தது ஒரு பக்க நோட்டீஸ். முழுத் திட்டம் ஒருவருக்குப் பன்னிரண்டு பக்கம், இன்னொருவருக்குப் பதினாலு பக்கம். அவ்வளவையும் ஒரு வரி விடாமல் படித்த ஒரே ஜீவன் பெரியவள்தான். இரண்டையும் டைப் அடித்துக் கொடுத்தது அவளுடைய ஜெராக்ஸ் கடை.

சண்டை வந்ததும் அந்தக் கடையால்தான். பின்பாதியில் கடை போட்டால் யார் கண்ணில் படும்? முன்பாதி வழியாக நேராக ரோட்டுக்கு மூன்றடிப் பாதை விடச் சொல்லிக் கேட்டாள் பெரியவள். சமையல்கட்டில் பாதி போய்விடும் என்று சின்னவள் கறாராக மறுத்துவிட்டாள். அன்றோடு பேச்சு நின்றது.

“நெஞ்சளவுன்னா சாட்சிக் கையெழுத்து வேணும்மா” என்றார் ஓவர்சியர்.

“நான் போடுறேன், கொடுங்க.” பெரியவள் பேனாவை வாங்கினாள்.

“சரி, உங்க வீட்டுக்கு எவ்வளவு போடட்டும்?”

“எங்களது மேடு சார். ஒரு சொட்டு உள்ள வரலை.”

தனக்கென்று ஒரு பைசா வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டு நமக்காகப் பொய்ச்சாட்சி சொல்கிறவளையா இத்தனை நாள் கரித்துக் கொட்டினோம் என்று சின்னவளுக்கு வெட்கமாக இருந்தது.

“அக்கா, உங்களை நான் என்னென்னவோ பேசிட்டேன்” என்றாள்.

“அதையெல்லாம் மனசுல வச்சுக்கிட்டிருந்தா குடும்பம்னு எதுக்கு இருக்கு? நீ முதல்ல கையெழுத்தைப் போடு.”

ஓவர்சியர் படிவத்தை உடனே நீட்டவில்லை. “நல்லா யோசிச்சுக்கோங்கம்மா. கோடு விழுந்துட்டா அப்புறம் மாத்த முடியாது.”

“இதை வச்சு என்ன சார் செய்வாங்க?”

“எனக்குக் குறிக்கிறதோட வேலை முடிஞ்சுது. மத்தது ஜெயிச்சு வர்றவர் பாடு.”

சின்னவள் பெரியவளைப் பார்த்தாள். பெரியவள் தலையை ஆட்டினாள். சின்னவள் கையெழுத்துப் போட்டாள். கதவுக்குப் பக்கத்தில் நெஞ்சு உயரத்துக்கு நீலக் கோடு பளிச்சென்று விழுந்தது. எதிர்வீட்டுக்காரி அதைப் பார்த்து, “கொடுத்து வச்சவடி நீ” என்று பெருமூச்சு விட்டாள். அவள் வீட்டுக் கோடு கணுக்காலோடு சரி.

உள்ளே போன சின்னவள், இருந்த பால் முழுவதையும் ஊற்றிக் கெட்டியாக இரண்டு டம்ளர் காப்பி போட்டாள். படிவத்துக்கு ஜெராக்ஸ் எடுக்க ஓவர்சியர் பின்பக்கம் போயிருந்தார். காப்பியை ஏந்திக்கொண்டு அவள் பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றி நடந்தாள். மூன்றடி என்ன, நாலடியாகவே பாதை விட்டுவிடலாம் என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டாள்.

கடை வாசலுக்கு வந்தபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் சத்தத்துக்கு மேல் பெரியவள் குரலை உயர்த்திக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அப்ப நெஞ்சளவு கோடுன்னா, யாரு ஜெயிச்சாலும் முன்வீட்டை இடிக்கிறது உறுதிதானே சார்?”